துபாசி யாருடைய ஆள்? - ஜாவா, டொட் நெட், பின்வந்தவை: ஓர் ஒப்பீடு

டண்டினொங் சந்தை 1866இல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மரக்கறி வாங்கப் போனால் தெரிந்த முகம் ஒன்றையாவது காணாமல் திரும்ப முடியாது. அண்மையில் அப்படிக் கண்டவர் என் மூத்த நண்பர் ஒருவர். இளைப்பாறிய கணினி நிரலாளர். பையிலிருந்து ஓர் இறுவட்டை எடுத்து, "தம்பி, இதை ஒருக்கால் பாரும். வீட்டில இருக்கிற ஒண்டிலயும் ஓடுதில்லை" என்றார்.

2003இல், வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் சிறுவர்களுக்காக அவர் செய்த பாடம் அது. திரையில் ஒரு சொல்லின் எழுத்துகள் கலைந்து கிடக்கும். பிள்ளை அவற்றை ஒழுங்காக அடுக்கினால் சொல் ஒலிக்கும். சொற்களைச் சொன்ன குரல் அவருடைய மனைவியுடையது. அந்த அம்மையார் இன்று இல்லை. பேத்திக்கு ஐந்து வயதாகிறது. பாட்டியின் குரலில் அவள் தமிழ் படிக்கட்டும் என்பது நண்பரின் ஆசை.

பாடம் ஜாவா மொழியில் எழுதப்பட்டிருந்தது. "ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்று உலகெங்கும் விளம்பரம் செய்யப்பட்ட அதே ஜாவா. எங்கும் ஓடும் என்ற ஒன்று இருபது வருடங்களில் எங்குமே ஓடாமற் போனது எப்படி? ஜாவாவா, டொட் நெட்டா என்று நிரலாளர்கள் நடத்திய நீண்ட வாதத்தை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், வேகக் கணக்குகளில் அகப்படாத சில விடயங்கள் தெரியவருகின்றன.

துபாசியின் வேலை

இலக்கிய வாசகர்களுக்காக அடிப்படையை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் மையச் செயலி நேராகப் புரிந்துகொள்ளாது. அதன் எந்திரமொழிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால் விண்டோஸ் கணினிக்கு மாற்றியது அப்பிளில் ஓடாது. அங்கே மாற்றியது கைத்தொலைபேசியில் ஓடாது.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. நிரலை எந்தக் கணினிக்கும் சொந்தமில்லாத ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றி அனுப்பிவிடுவது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு துபாசியை உட்கார்த்தி வைத்தால், அவர் அந்த இடைமொழியை உள்ளூர் மொழியில் சொல்லி நடத்திவைப்பார். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் சரக்கு ஒன்றுதான், துபாசிதான் ஊருக்கு ஊர் வேறு. இந்தத் துபாசியைத்தான் மெய்நிகர் பொறி என்றும் இயக்கச் சூழல் என்றும் சொல்கிறார்கள்.

யோசனை ஜாவாவோடு பிறந்ததல்ல. 1970களின் பிற்பகுதியிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கென்னத் பௌல்ஸ் குழுவினர் பாஸ்கல் மொழிக்கு இப்படியொரு இடைக்குறிமுறையைச் செய்து பலவகைச் சிறு கணினிகளில் ஓட்டிக்காட்டினார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் குழு 1991இல் வீட்டு மின்கருவிகளுக்காகத் தொடங்கிய மொழி, 1995 மே மாதத்தில் ஜாவா என்ற பெயரில் வெளியானது. இணையம் பரவிய காலம் அது. உலாவிக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்களாக, அதாவது அப்லெட்டுகளாக, ஜாவா வீடுகளுக்குள் நுழைந்தது.

துபாசி என்ற சொல்லை உவமைக்காக மட்டும் எடுக்கவில்லை. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு மொழி அறிந்து நடுவில் நிற்பவன் வெறும் வாய் அல்ல. அவனுக்கு ஓர் எசமானும் சொந்த வியாபாரமும் உண்டு. மென்பொருள் துபாசிகளின் கதையும் அதுவே.

வழக்கும் குரலும்

ஜாவா எங்கும் ஓடுமென்றால் விண்டோஸ் எதற்கு என்ற கேள்வி எழும். மைக்ரோசொப்ட் ஜாவாவுக்கு உரிமம் பெற்று, தன் உலாவியில் தன் சொந்தத் துபாசியை வைத்தது. அதில் விண்டோசில் மட்டும் ஓடக்கூடிய சேர்க்கைகளைப் புகுத்தி, ஒப்பந்தத்தை மீறியது என்று 1997 ஒக்டோபரில் சன் வழக்குத் தொடுத்தது. 2001 ஜனவரியில் மைக்ரோசொப்ட் 20 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கு முடிந்தது. பழைய 1.1 வரிசை ஜாவாவை மட்டும் அது சிலகாலம் தொடர்ந்து வழங்கலாம், புதியதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

பெரிய நிறுவனங்களின் சண்டைக்கும் நமக்கும் என்ன என்று கேட்கலாம். நண்பரின் இறுவட்டில் அதற்குப் பதில் இருந்தது. 2003இல் பெற்றோர்களின் வீட்டுக் கணினிகளில் பரவலாக இருந்தது உறைந்துபோன அந்தப் பழைய ஜாவாதான். எல்லா வீட்டிலும் பாடம் ஓடவேண்டுமென்று அவர் அந்த அளவுக்குள் நின்று எழுதினார். அந்த ஜாவா ஒரேயொரு ஒலிவடிவத்தைத்தான் வாசிக்கும். நொடிக்கு 8,000 மாதிரிகள், அதாவது பழைய தொலைபேசியின் தரம். அம்மையாரின் குரல் தூரத்திலிருந்து தொலைபேசியில் பேசுவதுபோல் மெலிந்து ஒலிப்பதற்குக் காரணம் ஒலிவாங்கி அல்ல, கலிபோர்னியாவில் நடந்த ஒரு வழக்கு.

இரண்டு துபாசிகள்

ஜாவாவைத் தொடமுடியாத மைக்ரோசொப்ட் தனக்கென்று ஒன்றைக் கட்டியது. 2000இல் அறிவித்து 2002 பெப்ரவரியில் வெளியிட்ட டொட் நெட் அதுதான்.

இரண்டும் உடன்பிறப்புகள்போல. இரண்டும் அடுக்குமுறைப் பொறிகள். கூட்டவேண்டிய எண்களைத் தட்டுகள்போல ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலிருந்து எடுத்துக் கணிப்பவை. இரண்டும் பயன்முடிந்த நினைவகத்தைத் தாமே கூட்டித் துடைப்பவை. வந்த நிரல் வரம்பு மீறுகிறதா என்று சோதித்துப் பார்க்கக் கூடியவை.

வேற்றுமைகளும் உண்டு. ஜாவாவின் பொறி முதலில் வரிவரியாக மொழிபெயர்த்து ஓட்டும். எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறதென்று கவனித்து அதைமட்டும் எந்திரமொழிக்கு முழுதாக மாற்றி வைத்துக்கொள்ளும். 1999இல் வந்த ஹொட்ஸ்பொட் என்ற பொறியின் பெயரே இதைச் சொல்கிறது. டொட் நெட்டோ வரிவரியாக ஓட்டுவதை நம்பாமல், ஒரு செயல்கூறு முதன்முறை அழைக்கப்படும்போதே எந்திரமொழிக்கு மாற்றிவிடுவதாக அமைந்தது. ஜாவாவின் பொறி ஜாவா மொழியை மனதில் வைத்து வரையப்பட்டது. டொட் நெட் சீ ஷார்ப், விஷுவல் பேசிக் என்று பல மொழிகளுக்கும் பொதுவாக வரையப்பட்டது. "ஜாவா என்றால் ஒரு மொழி, பல தளங்கள். டொட் நெட் என்றால் பல மொழிகள், ஒரு தளம்" என்று அக்காலத்தில் கேலியாகச் சொல்வார்கள்.

அந்தக் கேலி இன்று செல்லாது. கொட்லின், ஸ்காலா போன்ற மொழிகள் ஜாவாவின் பொறியில் ஓடுகின்றன. மைக்ரோசொப்ட் 2014இல் டொட் நெட்டின் மூலநிரலைத் திறந்துவிட, 2016இல் அது லினக்சிலும் அப்பிளிலும் ஓடத் தொடங்கியது. சாதாரணப் பயனாளருக்கு இரண்டின் வேகத்திலும் வித்தியாசம் தெரியாது. ஆகவே எது வேகம் என்பதைவிட, எது யாருடைய கையில் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அதற்கான பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜாவாவைப் பொதுத் தர அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கும் முயற்சியிலிருந்து 1999இல் சன் விலகியது. மைக்ரோசொப்டோ தன் இடைமொழியின் வரையறையை 2000இலேயே எக்மா என்ற தர அமைப்பிடம் கொடுத்தது. அந்த வரையறையை வைத்துத்தான் மிகுவேல் டி இக்காசாவும் தோழர்களும் லினக்சுக்கு மோனோ என்ற சுதந்திரத் துபாசியை எழுதி 2004இல் முதற்பதிப்பை வெளியிட்டார்கள். பிறகு சன்னும் மனம் மாறி, 2006-07இல் ஜாவாவைத் திறந்தமூலமாக்கியது. 2010இல் சன்னையே ஒரக்கிள் வாங்கியது. வாங்கிய அதே வருடம், அன்ட்ரொயிட்டில் ஜாவாவின் இடைமுக வரிகளைப் பயன்படுத்தியதற்காகக் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு 2021 ஏப்ரலில்தான் முடிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் கூகிளின் பக்கம் நின்றது. 2023 தொடக்கத்தில் ஒரக்கிள் தன் ஜாவாவுக்கான வணிகக் கட்டணத்தை நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்றதாக மாற்றியது. ஜாவாவைத் தொடாத ஊழியரும் கணக்கில் வருவார். ஓப்பன் ஜேடிகே என்ற இலவச வடிவம் இருப்பதால்தான் பலர் தப்பினார்கள்.

தமிழ் எங்கே நின்றது

"கொக்கு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பாலர் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கொ, க், கு. ஜாவாவிடம் கேட்டால் ஆறு என்கிறது. டொட் நெட்டிடம் கேட்டாலும் ஆறுதான். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் உயிர்மெய்கள் தனித்தனியாக இல்லை. ககரமும் ஒகரக் குறியும் இரண்டு, ககரமும் புள்ளியும் இரண்டு, ககரமும் உகரக் குறியும் இரண்டு. இரண்டு துபாசிகளும் எழுத்தை எண்ணுவதில்லை, குறியெண்களை எண்ணுகின்றன. நம் எழுத்தை எண்ண வேறு வசதிகளைத் தேடி அழைக்கவேண்டும். அவை உண்டு. தெரியாத நிரலாளர் எழுதிய சொல்விளையாட்டில்தான் பிள்ளைகள் பிழை படிக்கிறார்கள்.

சேமித்த தமிழைத் திரையில் சரியாக வரைவது அடுத்த சிக்கல். ஒகரக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் போடவேண்டும். ஜாவா பிறப்பிலேயே ஒருங்குறியை ஏற்ற மொழி என்றாலும், வரைவது எழுத்துருவும் அதைக் கோக்கும் கருவியும் செய்யவேண்டிய வேலை. இந்தக் குறையோடு போராடியவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பிடவேண்டும். அவருடைய செல்லினம் 2005 தைப்பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு அறிமுகமானது. தமிழே தெரியாத ஜாவாக் கைத்தொலைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி எழுத அது வழிசெய்தது. துபாசிக்குத் தமிழ் தெரியாதபோது சரக்கே தமிழையும் சுமந்துகொண்டு போன கதை அது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மாற்றியது ஜாவாவுமல்ல, டொட் நெட்டுமல்ல. ஹார்ப்பஸ் என்ற திறந்தமூல எழுத்துக்கோப்புக் கருவியை அன்ட்ரொயிட், ஃபயர்பொக்ஸ், குரோம் எல்லாம் பயன்படுத்துகின்றன. 2017இல் ஜாவாவின் 9ஆம் பதிப்பும் அதையே எடுத்துக்கொண்டது. யாருக்கும் தனியுடைமையாக இல்லாத ஒரு பொதுக்கருவியில் தமிழ் ஒருமுறை சரியாக வந்ததும், மேலேயிருக்கும் துபாசிகள் பலரிடமும் தமிழ் சரியாக வந்துவிட்டது. சிறிய சந்தையுள்ள மொழிகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. நம் உழைப்பைப் பொதுவான அடித்தளத்தில் இட்டால் அது எல்லா மாடிக்கும் ஏறும்.

துபாசி விடைபெறும்போது

அவுஸ்திரேலியாவில் கடையோ டாக்சியோ வைத்திருந்தவர்களுக்கு அவுஸ்கீ நினைவிருக்கும். 2010இல் வந்தது. காலாண்டுக்கு ஒருமுறை ஜி.எஸ்.ரி. கணக்கை இணையவழி வரித் திணைக்களத்துக்கு அனுப்ப அதுதான் சாவி. தொடக்கத்தில் உலாவிக்குள் ஜாவா இருந்தால்தான் அந்தச் சாவி திரும்பும். 2015இல் கூகிள் குரோம் அத்தகைய சொருகிகளை நிறுத்தியது. 2017இல் ஃபயர்பொக்சும் நிறுத்தியது. 2018இல் ஜாவாவே தன் உலாவிச் சொருகியைக் கைவிட்டது. அரசாங்கம் வேறு மென்பொருளுக்கு மாறி, 2020 மார்ச்சில் அவுஸ்கீயை மூடி, கைத்தொலைபேசிவழி அடையாள முறைக்குப் போனது. அரசாங்கத்துக்கு மாற்றி எழுத ஆளும் பணமும் இருந்தன.

வார இறுதிப் பள்ளிகளுக்கு அவை இல்லை. அப்லெட்டுகள் போயின. ஃபிளாஷில் செய்த பாடல்களும் பாடங்களும் 2020 டிசம்பர் 31உடன் ஆதரவிழந்தன. டொட் நெட்டை உலாவிக்குள் கொண்டுவந்த சில்வர்லைட் 2021 ஒக்டோபரில் முடிந்தது. புலம்பெயர்ந்த நாடுகளில் ஆசிரியர்கள் இரவிரவாக விழித்திருந்து செய்த எத்தனையோ பாடங்கள் இப்படி ஊமையாயின. நேர்மாறாக, 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் திறக்கின்றன. அவை நிரல்கள் அல்ல, வெறும் உரை. குறிமுறை மாறியபோது ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. ஏடு நைந்துபோகுமுன் வேறு ஏட்டில் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் செய்ததும் அதைத்தான்.

இது பழங்கதையும் அல்ல. 2017இல் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் செயலிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. கூகிளின் கடையில் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படாத செயலிகள் புதிய கைத்தொலைபேசிகளில் தேடினால் கிடைப்பதில்லை. தொண்டர் ஒருவர் செய்த தமிழ்ச் செயலி, அவருக்கு வேலை கூடினாலோ உடல் சுகமில்லாமற் போனாலோ ஓரிரு வருடங்களில் மறைந்துவிடும்.

புதிய துபாசி

இப்போதைய புதுவரவு வெப்அசெம்பிளி. 2015இல் அறிவிக்கப்பட்டு, 2017இல் நான்கு பெரிய உலாவிகளிலும் இடம்பிடித்து, 2019 டிசம்பரில் உலகளாவிய வலைச் சங்கத்தின் அதிகாரபூர்வப் பரிந்துரையாயிற்று. இதுவும் ஓர் இடைநிலைக் குறிமுறைதான். ஆனால் இரண்டு வேற்றுமைகள் உண்டு. எந்த ஒரு மொழியோடும் கட்டுப்படாதது. எந்த ஒரு நிறுவனமும் தனித்து ஆளாதது. போட்டிக்காரர்களான கூகிள், மைக்ரோசொப்ட், அப்பிள், மொசில்லா ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து வரைந்தார்கள்.

பழைய துபாசிகளை இதன்மேல் ஏற்றி உயிர்ப்பிக்கிறார்கள் என்பது வியப்பான செய்தி. ரஃபுள் என்ற திறந்தமூல நிரல் ஃபிளாஷ் கோப்புகளை வெப்அசெம்பிளி வழியாக உலாவியில் ஓட்டுகிறது. சேர்ப்ஜே பழைய ஜாவா அப்லெட்டுகளை அதே வழியில் ஓட்டுகிறது. இது சாத்தியமானதற்குக் காரணம், அந்த இடைக்குறிமுறைகளின் வரையறைகள் வெளியிடப்பட்டிருந்தமை. எசமான் போனாலும் இலக்கணம் எழுதி வைக்கப்பட்டிருந்தால் இன்னொருவர் துபாசியாகலாம். வெப்அசெம்பிளியும் நிலைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அதன் இலக்கணம் பொதுவில் இருக்கிறது என்பதே என் நம்பிக்கைக்கு ஆதாரம்.

இறுவட்டுக்கு என்ன நடந்தது

பழைய ஜாவா 8ஐ என் லினக்ஸ் கணினியில் போட்டு நண்பரின் அப்லெட்டை ஓட்டினேன். ஓடியது! பெட்டிகள் வந்தன, பொத்தான்கள் வந்தன. எழுத்துகள் மட்டும் வரவில்லை.

அக்கால வழக்கப்படி அவர் ஒவ்வொரு எழுத்தையும் படமாக வைத்திருந்தார். எந்தப் படத்தைக் காட்டுவதென்பது திஸ்கிக் குறிமுறையில் இருந்த சொற்பட்டியலைப் பார்த்து முடிவாகும். கோப்பு எந்தக் குறிமுறையில் இருக்கிறதென்று நிரல் சொல்லாவிட்டால், பழைய ஜாவா தான் ஓடும் கணினியின் வழக்கப்படி வாசிக்கும். 2003இன் விண்டோசுக்கு ஒரு வழக்கம், என் லினக்சுக்கு வேறொரு வழக்கம். "எங்கும் ஓட்டு" என்ற வாக்குறுதிக்குள் இருந்த இந்த ஓட்டை 2022இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. பழைய ஒற்றைபைட்டுக் குறிமுறையில் வாசி என்று சொன்னதும் எழுத்துகள் வந்துவிட்டன.

அதோடு நிறுத்தவில்லை. சொற்பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றித் தனிக் கோப்பாக வைத்தோம். குரல் கோப்புகள் பழைய வடிவமாயினும் வரையறை தெரிந்தவை என்பதால் இன்றைய ஒலிவடிவங்களுக்கு எளிதில் மாறின. நிரலின் மூலவரிகளையும் நண்பர் தேடி எடுத்தார். தமிழுக்கென்று மென்பொருள் செய்பவர்களிடம் நான் கேட்பதும் இவற்றைத்தான். உரையையும் ஒலியையும் படத்தையும் நிரலுக்குள் புதைக்காமல் தனியே, திறந்த வடிவங்களில் வையுங்கள். மூலநிரலை இன்னொருவர் தொடக்கூடிய உரிமத்தோடு வெளியே விடுங்கள். ஜாவாவோ டொட் நெட்டோ, உங்களுக்குக் கைவந்ததில் எழுதுங்கள். ஆனால் துபாசி ஒருநாள் விடைபெறுவார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் பேத்தி எழுத்துகளை அடுக்கினாள். "கொக்கு" என்றது மெலிந்த குரல். ஒரு சிறு இடைவெளிவிட்டு, "மூண்டு எழுத்து" என்றும் சொன்னது. நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் இரண்டு இடத்தில கொப்பி எடுத்து வையும் தம்பி" என்றார்.